சோற்றுப் பந்தியில் வாங்கிய கைநாட்டு

வக்கீல் யார் கையையும் தொடமாட்டார். கட்சிக்காரர் நீட்டும் பத்திரத்தைக்கூட மேஜைமேல் வைக்கச் சொல்லி, அந்த ஆள் கையை எடுத்த பிறகுதான் எடுப்பார். நூற்றுக்கணக்கான பேருடைய கட்டைவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, காகிதத்தில் உருட்டும் வேலை எனக்கு வந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் பெண்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையில் இங்கிலீஷில் ஹையர் பாஸ் பண்ணிய பெண்கள் அப்போது மிகவும் கம்மி. கோர்ட்டு வக்கீல்களுக்கு அவசரமாக ஏதாவது அடிக்க வேண்டும் என்றால் எனக்குத்தான் ஆள் வரும். அப்படித்தான் இந்த வக்கீல் வீட்டுக்கும் போய்வரத் தொடங்கினேன்.

ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு வடக்கே, எல்லையை ஒட்டிய கிராமங்கள் யாருக்கு என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் ஜாஸ்தி இருக்கிற கிராமம் மதராஸுக்கு, தெலுங்கு பேசுகிறவர்கள் ஜாஸ்தி இருக்கிற கிராமம் ஆந்திரத்துக்கு என்று கிராமம் கிராமமாகப் பிரிக்கப் போவதாகப் பேச்சு. அதற்காக டெல்லிக்கு மகஜர் அனுப்ப ஊருக்கு ஊர் கமிட்டிகள் முளைத்திருந்தன. எங்கள் ஊரில் வக்கீலே தலைவராக ஒரு சின்னக் கமிட்டி இருந்தது. எல்லையிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கிற ஊரில் எதற்கு எல்லைக் கமிட்டி என்று ஒருதரம் கேட்டேன். அடுத்த எலெக்ஷனில் அவருக்கு ஒரு சீட்டு வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மகஜரை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நடுநடுவே நிறுத்தி, சட்டம் எப்படிப் போகும் என்று விளக்குவார்.

"எல்லையை மாத்தறதுன்னா டெல்லியில ஒரு மசோதா போடணும்மா. அதை ஜனாதிபதி ரெண்டு சட்டசபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேப்பார். சொல்லலாம். அவ்வளவுதான். தடுக்க முடியாது. அப்புறம் பார்லிமெண்டுல ரெண்டு சபையும் நிறைவேத்தணும்."

"தடுக்க முடியாதுன்னா எதுக்கு சார் அபிப்பிராயம் கேக்கணும்?"

"மரியாதைக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த மரியாதையை நான் நம்பினேன். ஒரு ஊரைப் பற்றி இரண்டு சட்டசபையிலும் டெல்லியில் இரண்டு பெரிய சபையிலும் பேசப் போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. மகஜரை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

கையெழுத்து எங்கே வாங்குவது என்பதுதான் பிரச்சினை. எல்லைக் கிராமங்களுக்குள் போனால் அவற்றை ஆந்திரத்துக்குக் கேட்கும் எதிர்க் கமிட்டி ஆட்கள் அடிப்பார்கள் என்ற பயம். வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். கார்த்திகை தீபத்துக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் காட்பாடி ரயிலில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களை ஒரு சத்திரத்தில் தங்கவைத்துச் சோறு போட்டால், நாம் அவர்கள் ஊருக்குப் போகவேண்டியதில்லை, அவர்கள் நம் ஊருக்கு வந்த இடத்திலேயே முடித்துவிடலாம்.

"பொம்பளைங்க ஆம்பளை கையில விரலைக் குடுக்க மாட்டாங்க. நீ வந்து உக்காரு" என்றார்.

தீபத்துக்கு முந்தின மூன்று நாளும் நான் அந்தச் சத்திரத்தின் வாசலறையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு பெஞ்சு, மைப் பெட்டி, அடித்து வைத்த காகிதங்கள். ஒவ்வொரு காகிதத்தின் தலைப்பிலும் நாங்கள் இன்ன கிராமத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள், எங்கள் தாய்மொழி தமிழ், எங்கள் கிராமத்தை மதராஸ் ராஜ்யத்தில் சேர்க்க வேண்டுகிறோம் என்று இருந்தது. அடியில் ஒரு வரி: மேற்கண்ட விவரம் எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டு, நாங்கள் விளங்கிக்கொண்டோம். அதற்கும் கீழே, படித்துக் காட்டியவர் என்று போட்டு என் கையெழுத்து. முதல் நாள் காலையிலேயே எல்லாக் காகிதத்திலும் வக்கீல் என்னிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

முதல் பத்துப் பேருக்கு நான் படித்துத்தான் காட்டினேன். அதற்குள் வாசலில் கூட்டம் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. வக்கீல் மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்றே? இப்படிப் படிச்சிக்கினு இருந்தா பொங்கல் வந்துடும். சாப்பாட்டுக்குன்னு சொல்லு, போதும்."

கைநாட்டு வைத்தவர்களுக்குத்தான் இலை. வைக்காதவர்கள் வெயிலில் நின்றார்கள். குழந்தைகள் புளிசாதத்தின் வாசனைக்கு அழுதன. ஆணுக்கு இடது கட்டைவிரல், பெண்ணுக்கு வலது என்று வக்கீல் சொல்லியிருந்தார். துடைத்துக்கொள்ளக் கொடுத்த துணி ஒரு மணி நேரத்தில் மையில் ஊறிப்போய், துடைத்தால் இன்னும் அப்பியது. பெண்கள் கறுத்த விரலோடு போய் இலையில் உட்கார்ந்து, அதே கையால் சோற்றைப் பிசைந்தார்கள். மஞ்சள் சோற்றில் கறுப்புக் கறுப்பாக மை இறங்குவது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பசி. அவர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். நான் மூன்று நாளும் அந்தச் சத்திரத்தில் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அது ஏதோ என் சுத்தத்துக்கு அடையாளம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்த நினைப்புத்தான் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டாம் நாள், என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் வந்தாள். நெசவுக் குடும்பம். விரல் நுனியில் பாவு நூல் அறுத்த கோடுகள். கையைக் கொடுக்காமல் முதலில் கேட்டாள்.

"இன்னாத்துக்குக்கா இது?"

"சாப்பாட்டுக்கு. எத்தனை பேர் சாப்பிடறாங்கன்னு தெரியணும்ல."

"எங்க ஊர்க் கோயில்லகூட சோறு போடுவாங்க. இப்படி மை தடவி யாரும் போட்டதில்ல." சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள்.

ஊர் பெயர், அவள் பெயர், புருஷன் பெயர் கேட்டு எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற மாமியாரிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னாள். என் பேனா நின்றது. தாய்மொழி தமிழ் என்று தலைப்பில் இருக்கிறதே. வக்கீலைப் பார்த்தேன்.

"எழுதும்மா. நம்மகிட்ட தமிழ்லதானே பேசிச்சு?" என்றார்.

எழுதினேன். அவள் விரலைப் பிடித்து உருட்டினேன். மாமியாருடையதையும்.

தீபம் முடிந்த மறுநாள், காகிதங்களைக் கிராம வாரியாக அடுக்குவதற்கு வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவருக்கு விருந்தாளி வந்திருந்தார். சித்தூர் பக்கத்து வக்கீல். மதராஸில் சட்டம் படித்தபோது இருவரும் ஒரே அறையில் இருந்தவர்களாம். அந்தப் பக்கத்து எதிர்க் கமிட்டிக்கு அவர்தான் தலைவர் என்பது, அவர்கள் பேசுவதைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. முன்கூடத்தில் நான் காகிதம் அடுக்க, உள்ளே இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"சத்திரத்துல எவ்வளவு தேறிச்சு?" என்றார் விருந்தாளி.

"நல்லாவே தேறிச்சு. உனக்கு?"

"நாங்க போன மாசமே முடிச்சிட்டோம். பெருமாள் மலைக்குப் போற வழியில ஒரு சத்திரம் புடிச்சோம். நீ புளிசாதமா? நாங்க வெண்பொங்கல். உன் லிஸ்டையும் என் லிஸ்டையும் பக்கத்துல வச்சா பாதிப் பேரு ரெண்டுலயும் இருப்பான்."

வக்கீலுக்குச் சிரிப்பில் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, மூன்று ஊர்களைப் பெயர் சொல்லிக் கேட்டார்: "அந்த மூணு ஊரை எங்களுக்கு விட்டுடேன்ப்பா. உங்களுக்கு அதுல இன்னா இருக்கு? ஏரி இல்ல, ரோடு இல்ல."

"உங்களுக்கு மட்டும் இன்னா இருக்கு?"

"மேடையில பேசறதுக்கு ஊரு வேணுமே!"

அவர் சொன்ன மூன்று ஊர்களில் ஒன்று அந்த நெசவுக்காரப் பெண்ணுடையது. அந்தக் காகிதம் அப்போது என் கையில்தான் இருந்தது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வக்கீலின் மனைவி வந்து, "நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். வடை, பாயசம் எல்லாம் இருந்தது. சாப்பிட்டேன்.

மகஜரை, பெயர்ப் பட்டியலோடு, ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து எம்.எல்.ஏ.க்களுக்கெல்லாம் அனுப்பினார் வக்கீல். படித்துக் காட்டியவர் என்று என் பெயரும் இன்ஸ்டிடியூட் பெயரும் அதில் இருந்தன. எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். அச்சில் என் பெயரைப் பார்த்து அம்மாவிடம் காட்டினேன்.

அதற்கு அடுத்த வருஷம் சித்திரை வெயிலில், இன்ஸ்டிடியூட் மாடிப்படியில் ஒரு புருஷனும் பெண்சாதியும் ஏறி வந்தார்கள். அவளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவன் கையில் அந்தப் புத்தகம் இருந்தது.

"நீங்கதானேக்கா? இதுல உங்க பேரு இருக்குதுன்னாங்க. அதான் தேடிக்கினு வந்தோம்" என்றாள்.

அவன் பேசினான். எதிர்க் கமிட்டிக்காரர்கள் புத்தகத்தை ஊர் நடுவில் வைத்துப் பெயர் பெயராகப் படித்தார்களாம். "எங்க ஊர் நெசவாளர் சங்கத்துலதாங்க எங்களுக்கு நூல் குடுப்பாங்க. இப்ப நிறுத்திட்டாங்க. மதராஸுக்குப் போறோம்னு கைநாட்டு வச்சீங்கல்ல, அங்கயே போய் நூல் வாங்கிக்கங்கன்றாங்க. மூணு மாசமா தறி சும்மா கெடக்குது."

"சாப்பாட்டுக்குன்னுதானே சொன்னீங்க?" என்றாள் அவள்.

ஹாலில் ஒரு மெஷினும் ஓடவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம். அப்படித்தான் சொன்னேன்" என்றேன்.

"அதை எழுதிக் குடுங்க. சங்கத்துல காட்டறோம்."

அவர்களைக் கீழே பாத்திரக் கடை நிழலில் உட்காரவைத்துவிட்டு வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"மசோதா இப்ப ரெண்டு சட்டசபைக்கும் அபிப்பிராயத்துக்கு வந்திருக்கு. இந்த நேரத்துல ஒரு கைநாட்டு பொய்னு நாம ஒத்துக்கிட்டா, மொத்தமும் பொய்னு ஆயிடும்."

"மொத்தமும் பொய்தானே சார்?"

அவர் கோபப்படவில்லை. பேப்பரை மடித்தார். "படிச்சிக் காட்டினேன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நானா?"

படியிறங்கினேன். தெருமுனைக் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் கடை நிழலில் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் போய் என்ன சொல்வது? திரும்பிப் போய், மெஷினில் அடிக்காமல், கையாலேயே எழுதினேன். சாப்பாட்டுக் கணக்குக்கு என்று சொல்லித்தான் இவர்களிடம் கைநாட்டு வாங்கினேன், காகிதத்தில் இருந்தது எதையும் படித்துக் காட்டவில்லை, இவர்கள்மேல் தப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தரமும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடிதம் நோட்டீஸாக அச்சடித்து எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது. சங்கத் தலைவர் அதை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை, எதிர்க் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டார். மதராஸ் தரப்பின் மோசடி, படித்துக் காட்டியவரே ஒப்புக்கொள்கிறார் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே, வெண்பொங்கல் போட்டுக் கைநாட்டு வாங்கிய அந்த விருந்தாளியின் பெயர். நூலைப் பற்றி நோட்டீஸில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் புருஷன் பெண்சாதியைப் பற்றியும் இல்லை.

இன்ஸ்டிடியூட் சுவரில் யாரோ தாரால் துரோகி என்று எழுதினார்கள். பெற்றவர்கள் வந்து பிள்ளைகளை நிறுத்தினார்கள். இன்ஸ்டிடியூட்டை நடத்தியவர் ஒரு முஸ்லிம் பெரியவர், நல்ல மனுஷர், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. கொஞ்ச நாள் வராம இரு. எல்லாம் அடங்கட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடங்கியது. ஆனால் அவர் மறுபடி கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்குக் கடிதங்கள் அடித்துக் கொடுத்துக் கொஞ்ச காலம் ஓட்டினேன். ராத்திரி பகல் படித்துப் பரீட்சை எழுதி, ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன்.

இதற்கிடையில் மசோதா தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சட்டசபைகளும் அபிப்பிராயம் சொல்லின. பிறகு டெல்லியில் இரண்டு சபைகளும் நிறைவேற்றின. கிராமங்களின் பெயர்கள் சட்டத்துக்குப் பின்னால் அட்டவணையாக அச்சாகி கெஜட்டில் வந்தன. எங்கள் ஆபீஸுக்கு வந்த கெஜட்டை எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் வரிவரியாக விரல் வைத்துப் படித்தேன். அவளுடைய ஊர் அதில் இல்லை. அது இருந்த இடத்திலேயே, அந்தப் பக்கமே, இருந்துவிட்டது. வக்கீல் கேட்ட மற்ற இரண்டு ஊர்களும் அப்படித்தான்.

எங்கள் ஆபீஸில் சர்வே பிரிவிலிருந்து வந்த ஒரு சூப்பிரண்டெண்ட் இருந்தார். மகஜரெல்லாம் என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்டேன்.

"மகஜரா? அதை யாரும்மா பாத்தாங்க? ஜனக் கணக்குப் புஸ்தகத்துல எந்த பாஷை ஜாஸ்தின்னு பாத்தாங்க, மேப்புல ஒட்டி இருக்குதான்னு பாத்தாங்க. ரெண்டு பக்கமும் மூட்டை மூட்டையா அனுப்பியிருந்தாங்களாம். பிரிச்சிருப்பாங்களான்றதே சந்தேகம்."

அன்று சாயங்காலம் காந்தி சிலைப் பக்கம் பொதுக்கூட்டம். நமக்கு வந்த ஊர்களுக்காக வெற்றி விழா. வக்கீல் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தார். சோறு போட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை. தன் இரத்தத்தைச் சிந்தி எல்லையை மீட்டதாக ஒருவர் அவரைப் பற்றிப் பேசினார். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் அதற்குமேல் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் குடும்பம் ஊரை விட்டு வந்து ஆரணியில் கூலிக்கு நெய்வதாக ஒரு புடவை வியாபாரி மூலம் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போளூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். ஒரு சந்தில் ஒரே கூரையின் கீழ் நாலு தறி. அவள் வாசலில் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"வாங்க. ஆறிப்போச்சுன்னா கஞ்சி கட்டிக்கும், நின்னுக்கினே பேசுங்க."

அவளே பேசினாள். நோட்டீஸ் வந்த பிறகும் சங்கத்தில் நூல் கொடுக்கவில்லை. அதுவரை இவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்த தமிழ்க்காரக் குடும்பங்களும், தமிழ்ப் பக்கத்து மகஜரைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள் என்று பேச்சை நிறுத்திவிட்டன.

"ரெண்டு பக்கத்துக்கும் ஆகாமப் போயிட்டோம்க்கா. மாமியா மட்டும் வரமாட்டேன்னு அங்கயே கெடக்குது. தனியா."

"என்னாலதான்" என்றேன். "மன்னிச்சிடும்மா."

"அதை வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டவள்போலத்தான் கேட்டாள். பிறகு பிரஷ்ஷை மறுபடி கஞ்சியில் தோய்த்தாள். "அவரு கடைக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள கெளம்புங்க. உங்களைப் பாத்தா அவருக்குத் தாங்காது."

கிளம்பினேன். பிறகு நான் ஆரணிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று பல தரம் நினைத்தேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் ராஜ்யத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறியது. அதற்கும் டெல்லியில் மசோதா போட்டுத்தான் மாற்றினார்கள். மனசுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் ஆபீஸிலும் விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் வக்கீல். அதற்குள் அவர் எலெக்ஷனில் நின்று தோற்று, இன்னொரு கட்சிக்குப் போய், பெரிய மனிதராகியிருந்தார். வரவேற்பு மடலை அடிக்கச் சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார் ஹெட்கிளார்க். எல்லைக்காகத் தன்னலம் கருதாது உழைத்த பெருந்தகையே என்று தொடங்கியது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு அப்போது வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, வேலை எனக்கு வேண்டியிருந்தது. கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். ஓரத்தில் பூ பார்டர்கூடப் போட்டேன், அதை யாரும் கேட்கவில்லை.

விழா முடிந்து காருக்குப் போகும் வழியில் வக்கீல் என்னைப் பார்த்து நின்றார்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார்" என்றேன். வணக்கமும் சொன்னேன்.